வார இறுதியில் உருவான 2048 கேம்... ஐடியா யாருக்குச் சொந்தம்?

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் செல்போனில் விரலை இப்படியும் அப்படியும் இழுத்து, 2, 4, 8 என்று எண்களை ஒட்டவைத்துக் கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீங்களே விளையாடியும் இருக்கலாம். அதுதான் 2048. பெரிய கம்பெனி எதுவும் ரூம் போட்டு யோசித்து உருவாக்கிய கேம் இல்லை இது. இத்தாலியைச் சேர்ந்த கேப்ரியேலே சிருல்லி, 2014 மார்ச்சில், தனது 19 வயதில், ஒரே வார இறுதியில் எழுதி முடித்தது. ஒரு கேமை அடியிலிருந்து தன்னால் கோடிங் செய்ய முடிகிறதா என்று பார்க்கத்தான் ஆரம்பித்தார். இணையதளத்தில் போட்ட ஒரு வாரத்துக்குள் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எட்டிப் பார்த்துவிட்டார்கள்.

ஆனால் இந்த வெற்றியைப் பார்த்து நொந்துபோன மூன்று பேரும் இருக்கிறார்கள். அதற்கு முன், இது எப்படி ரெண்டே நாளில் முடிந்தது என்று பார்த்துவிடலாம்.

கோடிங் அவ்வளவு சுலபமா?

முதல் கேம் செய்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு பசில் கேம்தான் வசதி. ஓடுகிற, குதிக்கிற ஹீரோ வேண்டாம். 2048-க்குத் தேவை 4-க்கு 4 என 16 கட்டங்கள், அதற்குள் எண்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு ஸ்வைப்புக்குப் பிறகும் காலியாக இருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் புது எண் வரும். சிருல்லியின் கோடில், சராசரியாக 10 முறையில் 9 முறை அது 2, ஒரு முறை 4.

சிக்கலான இடங்களும் உண்டு. ஒரு வரிசையில் நான்கு 2 இருக்கும்போது இடதுபக்கம் தள்ளினால் 4, 4 என்றுதான் வரணும். 8 வந்துவிடக் கூடாது. அதாவது, ஒரு முறை ஒட்டிய எண், அதே நகர்வில் மறுபடியும் ஒட்டக் கூடாது. இதைக் கோடில் சொல்ல மறந்தால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடும். அதேபோல 16 கட்டமும் நிறைந்தாலே தோல்வி இல்லை. பக்கத்துப் பக்கத்தில் ஒரே எண் இருந்தால் ஆட்டம் தொடரும். இந்த மாதிரி நுணுக்கங்களைச் சரிசெய்ய ஒரு ராத்திரி பிடிக்கலாம். ஆனால் ஒரு வருஷம் பிடிக்காது.

14 மாத உழைப்பு

வருஷம் பிடித்தது வேறு ஒன்றுக்கு. 2048 வருவதற்கு ஒரு மாதம் முன்பு, 2014 பிப்ரவரி 6-ல் ஐபோனுக்கு வந்த கேம் த்ரீஸ். 1-ம் 2-ம் சேர்ந்தால் 3, பிறகு 3-ம் 3-ம் சேர்ந்தால் 6 என்று போகும். ஆஷர் வோல்மர், கிரெக் வோல்வெண்ட், இசையமைத்த ஜிம்மி ஹின்சன் ஆகிய மூவர் இதற்காகச் செலவிட்டது சுமார் 14 மாதங்கள். எண்களுக்குப் பதில் சுஷி, செஸ் என்று என்னென்னவோ வைத்துப் பார்த்து, கடைசியில் எண்களுக்கே வந்து சேர்ந்தார்கள்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய கேம் அது. வெளிவந்த சில வாரங்களிலேயே, கிட்டத்தட்ட அதே போன்ற 1024 என்ற கேம் இலவசமாக வந்தது. சிருல்லி பின்பற்றியது அந்த 1024-ஐ. அதை அவர் மறைக்கவில்லை. 1024-ஐ அடிப்படையாகக் கொண்டது, த்ரீஸுடன் ஒற்றுமை உள்ளது என்று கேம் பக்கத்திலேயே எழுதி வைத்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கோடையும் திறந்துவிட்டார். விளைவு? அவருடைய சொந்த மொபைல் ஆப் மே மாதம் வருவதற்குள், மற்றவர்களின் 2048-கள் ஆப் ஸ்டோரில் வரிசைகட்டி நின்றன.

த்ரீஸ் குழுவுக்கு வலித்தது எங்கே தெரியுமா? ‘த்ரீஸ், 2048-ன் காப்பி' என்று சிலர் சொல்ல ஆரம்பித்ததுதான். தாங்கள் பட்ட பாட்டைக் காட்ட, தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட மின்னஞ்சல்களையே வெளியிட்டார்கள். மொத்தம் சுமார் 45,000 வார்த்தைகள்!

கேஸ் போட முடியாதா?

முடியும், ஆனால் ஜெயிப்பது கஷ்டம். ஒரு கேமின் கோடு, படங்கள், இசை ஆகியவற்றுக்குக் காப்புரிமை உண்டு. ‘ஒரே எண்கள் சேர்ந்தால் இரட்டிப்பாகும்' என்ற விதிக்குக் கிடையாது. டெட்ரிஸ் உரிமையாளர்கள் அமெரிக்காவில் தொடுத்த வழக்கில் 2012-ல் வந்த தீர்ப்பு இதற்கு நல்ல உதாரணம். விதிகளை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்பதை நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆனால் எதிர்த்தரப்பு, துண்டுகளின் வடிவம், பலகையின் அளவு வரை அப்படியே எடுத்திருந்ததால் டெட்ரிஸ் ஜெயித்தது. இந்த அளவுகோலில் பார்த்தால் 2048 தப்பிவிடும். அதில் எண்கள் ஸ்வைப் செய்த பக்கம் கடைசிவரை வழுக்கிப் போகும். த்ரீஸில் ஒரு கட்டம் மட்டும்தான் நகரும். தோற்றமும் வேறு. 14 மாதம் எடுத்த பகுதிக்குப் பாதுகாப்பு இல்லை, ரெண்டு நாளில் எழுதிய கோடுக்குப் பாதுகாப்பு உண்டு என்பதுதான் இதில் உள்ள வேடிக்கை.

இப்போது கேம் வெளியிட என்ன செய்யணும்?

கூகுள் பிளேவில் டெவலப்பர் கணக்குக்கு ஒரே ஒரு முறை 25 டாலர். ஆப்பிளில் வருஷத்துக்கு 99 டாலர். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு கூகுளில் தனிநபர் கணக்கு தொடங்கியவர்களுக்கு இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. குறைந்தது 12 பேர், தொடர்ந்து 14 நாட்கள் சோதனையாளர்களாக இருந்தால்தான் கேமைப் பொதுவில் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். ஆகவே சனி, ஞாயிறில் கோடிங்கை முடித்தாலும், திங்கட்கிழமையே ஸ்டோருக்கு வந்துவிட முடியாது.