பூட்டிய கதவுக்குப் பின்னால்

மாஞ்சோலை என்றதும் மூடுபனியையும் தேயிலைப் பசுமையையும் வர்ணிப்பது வழக்கம். நமக்கோ வேறொரு நினைவு வருகிறது. 1999-ஆம் வருஷம் ஜூலை 23-ந் தேதி, கூலி உயர்வு கேட்டும், சிறைப்பட்ட தோட்டத் தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும் திருநெல்வேலியில் ஓர் ஊர்வலம் நடந்தது. போலீஸ் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கியவர்களில் 17 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒரு சிறு குழந்தையும் உண்டு.

பெரியவர்கள் விசாரணைக் கமிஷன் முன் சாட்சி சொல்லலாம். அத்தகைய நாளைக் கண்ட குழந்தை தன் பயத்தை யாரிடம் சொல்லும்? தூக்கத்தில் அலறும், சிறு சப்தத்துக்கும் திடுக்கிடும், ஒரு நாள் காரணம் தெரியாமலே கை ஓங்கும். நாமோ அதற்கு 'முரட்டுப் பிள்ளை' என்று பெயர் சூட்டிவிடுகிறோம்.

மனக்காயம் பட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் குற்றம் செய்வதில்லை. ஆனால் குற்றத்துக்காக அடைபட்ட பிள்ளைகளின் பூர்வ கதையை விசாரித்தால், அடியும் பயமும் அவமானமும் அடிக்கடி தென்படுகின்றன.

மாஞ்சோலை மலையிலிருந்து இறங்கும் மணிமுத்தாறு தாமிரபரணியில் கலந்து பாளையங்கோட்டைப் பக்கம் வருகிறது. அந்தப் பாளையங்கோட்டையில் முன்பு ஒரு போர்ஸ்டல் பள்ளி இருந்தது. இளைஞர்களைப் பழைய கைதிகளோடு சேர்த்து வைத்தால் கெட்டுப்போவார்கள் என்ற எண்ணத்தில் பிறந்த ஸ்தாபனம் அது. சென்னை ராஜதானியில் 1920-இல் குழந்தைகள் சட்டமும், 1925-இல் போர்ஸ்டல் பள்ளிச் சட்டமும் வந்தன. ஆக, தண்டனையை விடத் திருத்தமே நலம் என்பதை நமது மாகாணம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஒப்புக்கொண்டுவிட்டது.

இப்போது அமலில் இருப்பது 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம். பதினெட்டு வயது நிரம்பாதவரைப் போலீஸ் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஒரு மாஜிஸ்டிரேட்டும் இரண்டு சமூக ஊழியர்களும் அதில் அமர்வார்கள். அவ்விருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். விசாரணைக் காலத்தில் தங்குமிடமே கூர்நோக்கு இல்லம். திருநெல்வேலியிலும் ஒன்று உண்டு.

சட்டம் நல்லதுதான். ஆனால் கதவைப் பூட்டிய பிறகு உள்ளே நடப்பது என்ன? 2022 டிசம்பர் 31-ந் தேதி, செங்கற்பட்டுக் கூர்நோக்கு இல்லத்தில் இருந்த 17 வயதுப் பையன் இறந்து போனான். ஊழியர்கள் கைதானார்கள். பின்னர் அரசாங்கம் இத்தகைய இல்லங்களை ஆராயும்படி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கேட்டுக்கொண்டது. அடியினால் கெட்ட பிள்ளையை அடித்தே திருத்தப் பார்ப்பது, வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும்.

"அடிபட்டவன் கதி என்ன?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், ஜாதித் துவேஷத்தால் பள்ளி மாணவர்களே சக மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அந்த மாணவன் மறு வருஷமே பிளஸ் டூ பரீட்சையில் தேறினான். முதல் உதவியும் முதல் மரியாதையும் அவனுக்கும் அவன் தங்கைக்கும் உரியவை. ஆனால் வெட்டியவர்களும் ஒரு நாள் இதே தெருக்களுக்குத் திரும்புவார்கள். பழைய துவேஷத்துடன் வருவார்களா, செய்ததன் கொடுமையை உணர்ந்து வருவார்களா என்பதில்தான் இனி வரும் பிள்ளைகளின் க்ஷேமம் இருக்கிறது.

அந்த உணர்வு பயத்தில் பிறக்காது. நிம்மதியான தூக்கம், ஒழுங்கான நாள், சொன்ன சொல் தவறாத ஒரு பெரியவர், மன வைத்தியரின் உதவி, படிப்பு, கைத்தொழில், வாரந்தோறும் தாய் முகம் — இவையே மருந்து. மருந்துக்கு நாளும் பிடிக்கும்.

மீதி நம் கையில் இருக்கிறது. பெரும்பாலான வழக்குகளில், இளம் பருவக் குற்றம் பிற்கால வாழ்வுக்குத் தடையாகக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. சட்டம் மறக்கச் சொன்னதை ஊர் மறப்பதில்லை. திரும்பி வந்த பையனுக்குப் பள்ளியில் ஓர் இடமும், பட்டறையில் ஒரு வேலையும் கொடுக்க நம்மில் எத்தனை பேர் தயார்? இன்றிரவு சாப்பாட்டு வேளையில், நம் வீடுகளில் இதைப் பற்றிப் பேசலாம் அல்லவா?