பாசியும் நெல்லும்: செல் சுவரைத் தளர்த்தும் புரதங்கள்

மழைக்காலத்தில் கிணற்றுச் சுவரிலும் மதிலிலும் பசும்பட்டு விரித்தாற்போல் பாசி படர்வதை யாவரும் பார்த்திருக்கிறோம். இதனால் விவசாயிக்கு யாதொரு வரும்படியும் இல்லை. ஆயினும், பயிர் எவ்வாறு நீளுகிறது என்பதை ஆராய்வோர் இதைப் பெரிதும் நாடுகின்றனர். இதன் இளம் இழைகள் ஒரே செல் கனமுள்ளவை. ஆகையால் ஒவ்வொரு செல்லும் வளர்வதைச் சூக்ஷ்மதரிசினியில் நேரே காணலாம். குறிப்பிட்டதொரு ஜீனை நீக்குவதும் இதில் எளிது.

செடியின் ஒவ்வொரு செல்லையும் சுற்றிச் செல்லுலோஸ் நார்கள் கொண்ட உறுதியான சுவர் உண்டு. உள்ளிருக்கும் நீர் அதை அழுத்திக்கொண்டே இருக்கிறது. சுவர் சற்று இளகிக் கொடுத்தாலன்றிச் செல் நீளமாட்டாது. அவ்வாறு இளகச் செய்பவற்றுள் முக்கியமானவை எக்ஸ்பான்ஸின் என்னும் புரதங்கள். அமெரிக்காவிலுள்ள பென்ஸில்வேனியா ஸ்டேட் சர்வகலாசாலையில் வெள்ளரி நாற்றைக் கொண்டு 1992-ல் இவை கண்டறியப்பட்டன. இவை நார்களை அறுப்பதில்லை. நார்களுக்கு இடையேயுள்ள பிணைப்பை மட்டும் நெகிழ்த்துகின்றன.

பிஸ்கோமிட்ரெல்லா என்னும் பாசியில் இப்புரதத்திற்குரிய ஜீன்களைத் தனித்தனியே நீக்கிப் பார்த்த பரீக்ஷை 2002-ல் வெளியாயிற்று. பாசியின் தோற்றத்தில் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. இவ்வகை ஜீன்கள் பல இருப்பதால், ஒன்றின் வேலையை மற்றொன்று ஏற்றுக்கொள்கிறது என்று கருத இடமுண்டு.

குறைத்தால் இவ்வாறாயின், மிகுதியாக உண்டாக்கினால் யாது விளையும்? 2003-ல் வெளியான நெல் பரீக்ஷை இதற்கு விடை தருகிறது. ஓர் எக்ஸ்பான்ஸினை ஆயுள் முழுவதும் மிகுதியாக உண்டாக்குமாறு செய்த நெற்பயிர்களில் 12 சதவீதம் மட்டுமே சாதாரணப் பயிரைவிட உயர்ந்து வளர்ந்தன. எஞ்சிய 88 சதவீதம் குட்டையாயின. அதே புரதத்தை வேண்டும்போது மட்டும் தூண்டியபோதோ, நாற்றின் முளையுறை 31 சதவீதம் வரையில் கூடுதலாக நீண்டது.

தக்காளியிலும் ஒரு பாடம் உண்டு. பழுக்கும் காலத்து எக்ஸ்பான்ஸினைக் குறைத்தபோது பழம் கெட்டியாக இருந்தது. மிகுத்தபோது மிகவும் மென்மையாயிற்று. இது 1999-ல் வெளியான முடிவு. தொலைதூரச் சந்தைக்குக் கூடைகளில் பழம் அனுப்புவோருக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும்.

ஆகவே, வளர்ச்சிக்குக் காரணமான பொருள் மிகுந்தால் விளைவும் மிகும் என்று எண்ணுவது சரியன்று. காலமும் இடமும் அளவும் பொருந்த வேண்டும். அன்றியும், பயிரின் உயரம் வேறு, மகசூல் வேறு. 1966-ல் வெளிவந்த ஐ.ஆர். 8 நெல் குட்டையாக இருந்தே அதிக மகசூல் தந்ததை நாம் அறிவோம்.

பயிரை விரைவில் உயர்த்தும் என்று கூறி எவரேனும் மருந்தோ விதையோ விற்க வந்தால், முதலில் ஒரு சிறு பாத்தியில் மட்டும் இட்டு, பக்கத்துப் பாத்தியை இடாமல் விட்டு, அறுவடையில் இரண்டின் தானியத்தையும் நிறுத்துப் பார்ப்பதே உசிதம். கிராம அதிகாரிகளும் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பார்களாயின் வீண் செலவு பெரிதும் குறையும்.