மூடிக்குள் அடைபட்ட ஆவி

தம்பி, டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். பிள்ளை டிபன் பாக்ஸை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தால், சமையலைக் குறை சொல்வதற்கு முன் மூடியின் உட்பக்கத்தைப் பாருங்கள். நீர் முத்து முத்தாக நிற்கிறதா? பெரும்பாலும் அதுதான் காரணம்.

காலையில் கொதிக்கக் கொதிக்கச் சாதத்தைப் போட்டு அழுத்தி மூடிவிடுகிறோம். ஆவி போக வழியில்லை. மூடியில் பட்டு நீராகிச் சாதத்தின் மேலேயே சொட்டுகிறது. மதியம் திறந்தால் சொதசொதவென்று இருக்கும், வாடையும் வரும். பிள்ளை தொடுமா?

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். சோறு வேகும் சூட்டுக்கும் அவை தப்பிவிடும். வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்தால் முளைத்துப் பெருகும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடு கிருமிகளுக்கு வசதி. மூடிய டப்பா அதைத்தான் மணிக்கணக்கில் காத்துக் கொடுக்கிறது. இந்தக் கிருமி விடும் நஞ்சில் ஒரு வகை, மறுபடி சூடுபடுத்தினாலும் அழியாது.

அதனால் சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி, கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு, ஃபேனுக்கு அடியில் ஆறவிடுங்கள். பிறகு எலுமிச்சையோ புளிக்காய்ச்சலோ கலந்து கட்டுங்கள். புளிப்பு கிருமி வளர்வதை மட்டுப்படுத்தும். பயணத்துக்குப் புளிசாதம் கட்டிய பாட்டிகளுக்கு இது அனுபவத்தில் தெரியும். தயிர் சாதமென்றால் ஆறிய சோற்றைக் குழைத்து, காய்ச்சி ஆறிய பாலை நிறைய விட்டு, தயிர் ஒரு ஸ்பூன் போதும். மதியத்துக்குள் அதுவே தோய்ந்து, புளிப்பேறாமல் இருக்கும். மேலே நாலு மாதுளை முத்து போட்டால் கண்ணுக்கும் அழகு.

வெயில் காலத்தில் தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். இட்லிக்கு மிளகாய்ப்பொடியை எண்ணெயில் குழைத்து இருபுறமும் தடவி விடுங்கள்.

சூடாகத்தான் வேண்டுமென்றால் சூடு காக்கும் டப்பா வாங்குங்கள். முதலில் அதில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் சாம்பார் சாதத்தைப் போட்டு உடனே மூட வேண்டும். அரைச்சூட்டில் போடுவதற்குப் போடாமலே இருக்கலாம்.

இன்னொன்று. சூட்டோடு இறுக்கி மூடிய டப்பா ஆறும்போது உள்ளே அழுத்தம் குறைந்து மூடி கவ்விக்கொள்ளும். யூகேஜி பிள்ளைக்கு அதைத் திறக்க வலு ஏது? மிஸ்ஸைக் கூப்பிடத் தயங்கிப் பசியோடு உட்கார்ந்திருக்கும். டப்பா வாங்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப்போய், அங்கேயே ஒருமுறை திறக்கச் சொல்லிப் பாருங்கள்.