ஃபார்வர்டு செய்யும் முன் ஒரு நிமிடம்!

கல்லூரி ஹாஸ்டலில் நான்கு ஆண்டுகள் என் அறையில் இருந்த நண்பன் அவன். ரம்ஜான் மாதத்தில் அதிகாலை சஹர் உணவுக்கு அலாரம் வைத்து அவனை எழுப்புவது என் வேலை. பொங்கலுக்கு எங்கள் ஊருக்கு வந்துவிடுவது அவன் வழக்கம்.

ஒரு நாள் இரவு அவன் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியேறினான். காரணம் நான்தான். அவன் மதத்தினர் கலவரம் செய்வதாக வந்த ஒரு படத்தை யோசிக்காமல் ஃபார்வர்டு செய்திருந்தேன்.

பிறகுதான் அதை கூகுள் லென்ஸில் தேடினேன். பல ஆண்டுகளுக்கு முன் வேறு நாட்டில் எடுத்த படம் அது! புரோகிராமில் ஒரு வரி மாற்றினாலும் டெஸ்ட் செய்து பார்க்கும் நான், இதைச் சோதிக்கவே இல்லை.

வதந்திகளால் உயிர்கள் பலியானதை அடுத்து, 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து சாட்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பலமுறை கைமாறிய செய்தியில் இரட்டை அம்புக்குறி தெரியும். 2020 ஏப்ரல் முதல், அத்தகைய செய்தியை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். ஆனால் இவை வேகத்தைத்தான் குறைக்கும். செய்தி உண்மையா என்று பார்ப்பது நம் வேலை. எனவே இரட்டை அம்புக்குறியைக் கண்டால் படத்தைத் தேடி, எங்கே, எப்போது எடுத்தது என்று பாருங்கள்.

படத்தை அழித்ததோடு நிற்காமல், தவறு என்னுடையது என்று அதே குரூப்பில் எழுதினேன். பிறகு அவனுக்கு போன் செய்தேன்.

"படம் பொய்னு எனக்குத் தெரியும்டா. நீ நம்பிட்டியேன்னுதான் வருத்தம்" என்றான்.

இதற்குப் பதில் எந்த சாஃப்ட்வேரிலும் இல்லை. நாம்தான் ஒரு நிமிடம் நிதானிக்க வேண்டும்.