தொட்டியில் இறங்குபவரும் காற்றைச் சோதிப்பவரும்: தொழிலக வேதியியல் பட்டம் எதற்கு?

தோல் பதனிடும் ஆலையில் தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் பயன்படுத்தப்படுகின்றன. பிந்தைய கட்டம் ஒன்றில் அதே தோல் அமிலமும் உப்பும் கலந்த நீரில் ஊறுகிறது. இவ்விரு கழிவுநீரும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிப்படும். காற்றைவிடக் கனமான அந்த வாயு தொட்டியின் அடியில் தங்கும். தொடக்கத்தில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். காற்றில் அதன் செறிவு பத்து லட்சத்தில் சுமார் 100 பங்கை எட்டும்போது மோப்ப உணர்வு மரத்துப்போகும். நாற்றம் அடங்கிவிட்டது, இனி இறங்கலாம் என்று ஒருவர் எண்ணும் நேரமே அவருக்கு ஆபத்து மிகுந்த நேரம். செறிவு 1000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சில் மயக்கமும் மரணமும் நேரலாம். அவரைக் காப்பாற்ற இறங்குபவருக்கும் அதே கதிதான்.

இந்த வேதிவினை அரிய ஆராய்ச்சிக்குரியதன்று. மேல்நிலைப் பள்ளிச் செய்முறைத் தேர்வில் உப்புப் பகுப்பாய்வு செய்த மாணவர் எவரும் சல்பைடு உப்பின்மீது அமிலம் ஊற்றி அந்த நாற்றத்தை முகர்ந்திருப்பார். ஆனால் அந்தப் பாடத்தைப் படித்தவர் தொட்டிக்குள் இறங்குவதில்லை. தொட்டிக்குள் இறங்குபவரிடம் அந்தப் பாடம் சென்று சேர்வதில்லை. இவ்விருவருக்கும் இடையிலான தொலைவைச் சாதி தீர்மானித்திருக்கிறது. தொழிலக வேதியியல் என்னும் பட்டப்படிப்பைத் தலித் மாணவர்களின் நிலையிலிருந்து பரிசீலிக்க வேண்டிய தேவை இங்கிருந்துதான் பிறக்கிறது.

என்ன படிப்பு இது?

வேதியியல் பட்டம் பொருள்களின் இயல்பையும் அவை வினைபுரியும் விதத்தையும் கற்பிக்கிறது. வேதிப் பொறியியல் பட்டம் ஆலையையும் அதன் கருவிகளையும் வடிவமைக்கக் கற்பிக்கிறது. தொழிலக வேதியியல் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆய்வுக்கூடத்தில் சில கிராம் அளவில் நடக்கும் வினையை ஆலையில் டன் கணக்கில், பாதுகாப்பாகவும் கட்டுப்படியாகும் செலவிலும் எவ்வாறு நடத்துவது என்பதே அதன் அடிப்படைக் கேள்வி.

பாடத்திட்டத்தின் முதுகெலும்பாகக் கரிம, கனிம, இயற்பிய வேதியியல் இருக்கும். அவற்றுடன் காய்ச்சி வடித்தல், வடிகட்டுதல், உலர்த்துதல் போன்ற அலகுச் செயல்கள், ஆலைக்குள் செல்லும் பொருளுக்கும் வெளிவரும் பொருளுக்கும் கணக்கெழுதும் பொருள் சமநிலை, கருவிவழிப் பகுப்பாய்வு ஆகியவை சேரும். உரம், சிமென்ட், சர்க்கரை, காகிதம், சாயம், பலபடி, மருந்து, தோல் ஆகிய தொழில்களின் செய்முறைகளும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் இடம்பெறும். பல்கலைக்கழக மானியக் குழு 1994-95இல் இளநிலைப் பட்ட அளவில் தொழில்சார் பாடங்களை அறிமுகப்படுத்தியபோது அந்தப் பட்டியலில் தொழிலக வேதியியலும் இருந்தது. தமிழ்நாட்டில் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனித்துறையே இயங்குகிறது.

ஆய்வுக்கூடத்துக்கும் ஆலைக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எளிய கணக்கு விளக்கும். ஒரு குடுவையின் நீள, அகல, உயரங்களைப் பத்து மடங்காக்கினால் அதன் கொள்ளளவு 1000 மடங்காகும். வெப்பம் வெளியேற வழிதரும் மேற்பரப்போ 100 மடங்கே ஆகும். வெப்பத்தை வெளியிடும் வினை ஒன்று குடுவையில் தானாகவே ஆறிவிடும். அதே வினை பெரிய கலனில் ஆற வழியின்றிக் கொதித்து வெடிக்கலாம். வகுப்பறையில் சமன்பாடு சரியாக இருந்தால் போதும். ஆலையில் குளிர்விக்கும் நீர், கலக்கும் வேகம், அழுத்தம் விடுவிக்கும் வால்வு ஆகிய மூன்றும் சரியாக இருந்தால்தான் உயிர் தங்கும்.

அம்பேத்கர் ஏன் அறிவியலைக் கேட்டார்?

1942 அக்டோபர் 29 அன்று, வைசிராயின் நிர்வாகக் குழு உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர், பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து லின்லித்கோ பிரபுவிடம் ஒரு மனு அளித்தார். அதன் கல்விப் பகுதியில் அவர் முன்வைத்த வாதம் இன்றும் கவனத்திற்குரியது. கலையும் சட்டமும் மட்டும் பட்டியல் சாதியினருக்குப் பெரிதும் உதவிவிடா. அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி வேண்டும். அக்கல்வியின் செலவு அவர்களின் சக்திக்கு அப்பாற்பட்டதாகையால் அரசே நிதி ஒதுக்க வேண்டும் என்று அவர் கோரினார். 1944இல் தொடங்கிய கல்வி உதவித்தொகைத் திட்டமே இன்றைய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் முன்னோடி.

அந்தக் கோரிக்கையின் தர்க்கம் தெளிவானது. சாதி அமைப்பு தலித்துகளை உழைப்பிலிருந்து விலக்கவில்லை. உழைப்பின் மீதான அதிகாரத்திலிருந்தே விலக்கியது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்திய மக்கள், தாவரங்களிலுள்ள டானின் தோலின் புரதத்துடன் பிணைவதைத் தலைமுறை தலைமுறையாகக் கைத்திறனால் அறிந்திருந்தார்கள். அந்த அறிவுக்குத் தீட்டு என்று பெயரிட்டது சமூகம். குரோமிய உப்பும் ஏற்றுமதியும் வந்தபோது அதே அறிவுக்குத் தொழில்நுட்பம் என்று பெயர் வந்தது. 1944இல் கிண்டியில் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியும், 1948இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் உருவாயின. தோல் அறிவு மரியாதைக்குரிய கல்வியாக மாறிய பிறகு அதற்குள் நுழையத் தலித் மாணவருக்குத் தகுதித் தேர்வும் கட்டணமும் விடுதியும் தடைகளாக நின்றன. தொட்டிக்குள் இறங்க மட்டும் எந்தத் தகுதித் தேர்வும் வைக்கப்படவில்லை.

வேலை எங்கே இருக்கிறது?

இப்பட்டம் பெற்றவருக்குத் தனியார் ஆலைகளில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகப் பணி அல்லது உற்பத்திப் பிரிவின் ஷிப்ட் கெமிஸ்ட் பணி. மணலி, ராணிப்பேட்டை, கடலூர், தூத்துக்குடி ஆகிய தொழில் வட்டாரங்கள் இத்தகைய பணிகளின் களங்கள். மருந்து ஆலையில், மருந்து விதிகள் குறிக்கும் ஆண்டுகள் அனுபவம் இருந்தால், வேதியியலை முதன்மைப் பாடமாகக் கொண்ட அறிவியல் பட்டதாரியும் உற்பத்தியை மேற்பார்வையிடலாம்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு மற்றொரு வாசல். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்பு முறை அங்கே கட்டாயமானது. எதிர் சவ்வூடு பரவல், ஆவியாக்கல், உப்பு மீட்பு ஆகியவற்றை நாள்தோறும் அளந்து நடத்த வேதியியலர் தேவை. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. பாலாற்றங்கரையின் தோல் ஆலைகளைப் பற்றிய அந்த வழக்கு மாசை அளப்பவரின் வேலையையும் தவிர்க்க முடியாததாக்கியது.

அரசு, பொதுத்துறைப் பணிகளும் உள்ளன. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தடய அறிவியல் துறை, குடிநீர்ப் பரிசோதனை ஆய்வகங்கள், அணுசக்தித் துறையின் பயிற்சியாளர் தேர்வுகள், மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும், கரூர் காகித ஆலை ஆகியவை வேதியியல் கற்றவர்களை எடுத்துவந்துள்ளன. மேற்படிப்புக்கு முதுநிலை அறிவியல், அதன்பின் கேட் தேர்வு வழியாகத் தொழில்நுட்ப முதுநிலை, நெட் தேர்வு வழியாக ஆராய்ச்சி எனப் பாதைகள் பிரிகின்றன. மேல்நிலைப் பள்ளியில் கணிதம் படித்த அறிவியல் பட்டதாரிகள் பொறியியல் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வாய்ப்பும் தமிழ்நாட்டில் உண்டு. ஆலையில் மேலாளர் நிலைக்கு உயர விரும்புவோர் இதைத் தவறவிடக் கூடாது.

தனியார் வாசலும் சட்டத்தின் ஒரு மூலையும்

தமிழ்நாட்டில் அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அதனுள் 2009 முதல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடும் உண்டு. ஆனால் வேதித் தொழிலின் பெரும்பகுதி தனியாரிடம் இருக்கிறது. அங்கே இடஒதுக்கீடு இல்லை. ஆள்சேர்ப்பு பெரும்பாலும் தெரிந்தவர் பரிந்துரையால் நடக்கிறது. தெரிந்தவர் யார் என்பதைச் சாதி முடிவு செய்கிறது.

இருப்பினும் பலர் கவனிக்காத ஒரு சட்ட மூலை உண்டு. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் 3-அ பிரிவு, அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு பயிற்சிப் பிரிவிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை வேலையளிப்பவர் ஒதுக்க வேண்டும் என்கிறது. அந்தக் கடமை தனியார் நிறுவனத்துக்கும் பொருந்தும். பயிற்சி முடித்தவரைப் பணியில் அமர்த்தும் கட்டாயம் பொதுவாக இல்லை. ஆனாலும் ஆலை அனுபவம் இல்லை என்று சொல்லி முதல் தலைமுறைப் பட்டதாரியைத் திருப்பியனுப்பும் வழக்கத்தை உடைக்க இந்த ஓராண்டுப் பயிற்சி உதவும். எந்தெந்த ஆலைகள் இந்த ஒதுக்கீட்டைக் கடைப்பிடிக்கின்றன என்று தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே பயிற்சி வாரியத்திடம் கேட்பது தலித் இயக்கங்களும் மாணவர் அமைப்புகளும் கையிலெடுக்கத் தக்க வேலை.

சேருமுன் கேட்க வேண்டியவை

முதலாவது, இணைத்தன்மை. அரசுப் பணி அறிவிப்பில் வேதியியல் பட்டம் என்று மட்டும் இருந்தால், தொழிலக வேதியியல் பட்டம் அதற்கு இணையானது என்ற அரசாணை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயரில் ஒரு சொல் கூடியதால் விண்ணப்பம் தள்ளுபடியாகும் அபாயத்தைச் சேருவதற்கு முன்பே அறிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது, ஆய்வகம். கருவிகளைக் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்க்கவைக்கும் கல்லூரியா, கையால் இயக்கவிடும் கல்லூரியா என்று மூத்த மாணவர்களிடம் விசாரிக்க வேண்டும். மூன்றாவது, ஆலைப் பயிற்சி பாடத்திட்டத்தின் பகுதியாக உள்ளதா என்பது. நான்காவது, உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத பட்டியல் சாதி மாணவருக்கு ஒன்றிய அரசின் போஸ்ட் மெட்ரிக் திட்டம் பொருந்தும். ஆகவே கட்டணத்தை முன்கூட்டியே முழுமையாகக் கேட்கும் கல்லூரியிடம் அதுபற்றி எழுத்துவடிவில் விளக்கம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

ஐந்தாவது, வேலையில் சேர்ந்த பின் எழும் கேள்வி. பட்டம் பெற்ற தலித் இளைஞரைக் கழிவுநீர்ப் பிரிவிலேயே நிரந்தரமாக நிறுத்திவைப்பதும், ஆய்வக உதவியாளர் என்ற ஒப்பந்தப் பெயரில் கெமிஸ்ட் வேலை வாங்குவதும் பாகுபாடே. நியமன ஆணையில் பதவியின் பெயரும் பொறுப்பும் என்னவென்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

கையொப்பத்தின் மதிப்பு

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு, நச்சு வாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய் ஆகியவற்றுக்குள் எவரையும் அனுப்புவதற்கு நிபந்தனை விதித்தது. தகுதி பெற்ற ஒருவர் தாமே சோதனை செய்து, உள்ளே ஆபத்தில்லை என்று எழுத்தில் சான்றளிக்க வேண்டும். இல்லையேல் இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அவ்வாறு சான்றளிக்கும் தகுதிக்கு வேதியியல் உயர்கல்வியும் ஆண்டுக்கணக்கான அனுபவமும் வேண்டப்பட்டன. போபால் பேரழிவுக்குப் பின் 1987இல், தாம் கையாளும் பொருளின் ஆபத்தை அறியும் உரிமையும் உடனடி அபாயத்தை எச்சரிக்கும் உரிமையும் தொழிலாளருக்குச் சட்டத்தில் எழுதப்பட்டன.

விதி எழுதப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகியும் மரணங்கள் ஓயவில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, அருகிலிருந்த ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். கழிவுநீர்க் குழாயிலும் மலக்குழியிலும் இறப்போரின் குடும்பத்திற்கான இழப்பீட்டை 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஆனால் 2013ஆம் ஆண்டுச் சட்டம் மலக்குழியை மனிதக் கழிவைத் தேக்கும் தொட்டி என்றே வரையறுக்கிறது. ஆலையின் வேதிக் கழிவுத் தொட்டியில் இறப்பவர் அந்த வரையறைக்கு வெளியே நின்றுவிடுகிறார். வாயு ஒன்றே, அதற்குப் பலியாவோரைச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது.

ஒரு தலித் பட்டதாரி ஆய்வகத்தில் அமர்ந்துவிட்டால் இவையெல்லாம் மாறிவிடும் என்று சொல்வதற்கில்லை. எவருக்கும் மரணம் நேராதபடி ஆலையை நடத்தும் பொறுப்பு முதலாளிக்கும் அரசுக்கும் உரியது. அதை முதல் தலைமுறைப் பட்டதாரியின் தோளில் ஏற்றக் கூடாது. எனினும், வாயுவை அளக்காமலேயே சான்றில் கையெழுத்துப் போடச் சொல்லும்போது, கீழே இறங்கப்போகிறவர் தன் தெருக்காரராக இருக்கலாம் என்று அறிந்த ஒருவர் அந்த மேசையில் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒன்றல்ல. இந்தப் பட்டம் சம்பளத்துக்கான வழி. அதில் வெட்கப்பட ஏதுமில்லை. அத்துடன், அளவுமானி சிவப்பைக் காட்டும்போது ‘யாரும் இறங்க வேண்டாம்’ என்று எழுதிக் கையொப்பமிடும் அதிகாரத்துக்கான வழியும் இதுவே.