ஒரு சோறு பதமாகுமா?

நுழையும்முன்

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகுமா? பசுமையான நிலமெல்லாம் நல்ல நிலம் ஆகுமா? மண்ணிலும் நிலத்தடி நீரிலும் மறைந்திருக்கும் நஞ்சை அறிவியலார் எவ்வாறு கண்டறிகின்றனர் என்பதை, நாம் வாழும் மாவட்டத்தில் நடந்த நிகழ்வின் வழியாக இப்பாடம் விளக்குகிறது.

ஏலூரும் குழிக்கண்டம் தோடும்

எர்ணாகுளம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள காக்கநாட்டிற்கு வடமேற்கே, பெரியாற்றின் கிளைகளுக்கு இடையே ஏலூர் என்னும் தீவு உள்ளது. ஆற்று நீரும் துறைமுகமும் அருகில் இருந்தமையால் அங்குத் தொழிற்சாலைகள் பெருகின. 1947ஆம் ஆண்டில் உர உற்பத்தி தொடங்கியது. மலேரியாவைப் பரப்பும் கொசுக்களை ஒழிக்க டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி தேவைப்பட்டது. அதற்காக நடுவண் அரசு 1954ஆம் ஆண்டில் இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் ஆலைகளுள் ஒன்று ஏலூரில் உள்ள உத்யோகமண்டலில் அமைந்தது. டி.டி.டி.யுடன் பி.எச்.சி., எண்டோசல்பான் ஆகிய வேளாண் நஞ்சுகளும் அங்கு உருவாக்கப்பட்டன.

காலப்போக்கில் இவற்றின் தீமை உணரப்பட்டது. பி.எச்.சி. 1997ஆம் ஆண்டில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானின் உற்பத்தியையும் விற்பனையையும் உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டில் தடுத்து நிறுத்தியது. ஆணையால் ஆலையின் உற்பத்தி நிற்கும். ஆனால், முன்பே மண்ணில் கலந்த நஞ்சு அந்த ஆணையால் வெளியேறிவிடுவதில்லை.

தொழிற்சாலைகளின் அருகே தொடங்கும் குழிக்கண்டம் தோடு, மக்கள் வாழும் பகுதி வழியாகச் சென்று பெரியாற்றில் கலக்கிறது. 1999ஆம் ஆண்டில் கிரீன்பீஸ் அமைப்பினர் இவ்வோடையின் நீரையும் சேற்றையும் எடுத்து, இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் உள்ள தம் ஆய்வகத்தில் சோதித்தனர். டி.டி.டி.யும் எண்டோசல்பானும் பி.எச்.சி. வகை வேதிப்பொருள்களும் அவற்றில் இருந்தன. 2004ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்புக் குழு ஏலூருக்கு நேரில் வந்தது. அதன் வழிகாட்டுதலில் உள்ளூர்ச் சுற்றுச்சூழல் குழு ஒன்று அமைக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட மக்களுக்குக் குழாய் வழியே குடிநீர் வழங்குமாறும் அறிவுறுத்தப்பட்டது. ஆண்டுக்கணக்கில் மக்கள் எழுப்பிய முறையீட்டிற்கு ஆய்வக முடிவுகள் சான்றாக நின்றன.

பழமொழி பொருந்தாத இடம்

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் பழமொழி. பானையில் உள்ள அரிசி முழுவதும் ஒரே நீரில், ஒரே நெருப்பில் வேகிறது. ஆகவே ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் போதும். நிலம் அத்தகையதன்று. மூட்டைகள் அடுக்கிய கிடங்கின் அடியில் நஞ்சு மிகுதியாக இருக்கலாம்; பத்து அடி தள்றி ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஓரிடத்தில் மட்டும் மண்ணை அள்ளி, 'இந்நிலம் நல்லது' என்றோ 'கெட்டது' என்றோ கூறுவது பிழையாகும். அப்பிழையின் விளைவை அந்நிலத்தில் வாழ்வோரே சுமக்க நேரிடும்.

மண் மாதிரி எடுத்தல்

முதலில் நிலத்தின் வரலாற்றை அறிதல் வேண்டும். கிடங்கு எங்கே இருந்தது, கழிவு எங்கே கொட்டப்பட்டது, மழைநீர் எவ்வழியே ஓடியது என்பனவற்றைப் பழைய வரைபடங்களும் முன்னாள் தொழிலாளர்களும் தெரிவிப்பர். பின்னர் நிலத்தைச் சதுரங்கக் கட்டங்கள் போலப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மாதிரி எடுப்பர். ஐயத்திற்குரிய இடங்களில் கூடுதலாக எடுப்பர். மேல்மண், அதன் கீழுள்ள மண், இன்னும் ஆழத்தில் உள்ள மண் எனத் தனித்தனியாகச் சேகரிப்பர்.

ஒரு குழியில் பயன்படுத்திய துளைக்கருவியைக் கழுவாமல் அடுத்த குழியில் இறக்கக் கூடாது. இறக்கினால் முதற்குழியின் நஞ்சு இரண்டாம் குழியின் கணக்கில் சேர்ந்துவிடும். மாதிரியை நெகிழிப் பையில் இடாமல், ஒளி புகாத பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பியில் இடுவர். நெகிழி சில வேதிப்பொருள்களை உறிஞ்சும். தன்னிடமுள்ள சிலவற்றை மாதிரியில் கலக்கவும் செய்யும். இடம், ஆழம், நாள், நேரம் ஆகியவற்றைக் குப்பியின்மேல் எழுதிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைப்பர். குப்பி யாரிடமிருந்து யார் கைக்குச் சென்றது என்பதையும் கையொப்பத்துடன் பதிவு செய்வர். நீதிமன்றத்தில் சான்றாக நிற்க வேண்டிய பொருளுக்கு இப்பதிவு இன்றியமையாதது.

நிலத்தடி நீர் மாதிரி எடுத்தல்

டி.டி.டி. நீரில் எளிதில் கரையாது. மண்ணையும் சேற்றையும் பற்றிக்கொண்டு பல ஆண்டுகள் தங்கும். பி.எச்.சி. வகைப் பொருள்கள் அதனினும் கூடுதலாகக் கரைந்து நீரோடு நகரும். எனவே மண்ணை மட்டுமோ நீரை மட்டுமோ சோதித்தால் முழு உண்மை வெளிப்படாது.

நிலத்தடி நீர் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அது செல்லும் திசையை அறியக் குறைந்தது 3 கண்காணிப்புக் கிணறுகள் தேவை. அவற்றின் நீர்மட்டங்களைக் கடல்மட்டத்தோடு ஒப்பிட்டு அளந்தால், உயர்ந்த மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்தை நோக்கி நீர் நகர்வது புலனாகும். ஆலைக்கு மேற்புறக் கிணற்றில் நீர் தூயதாகவும் கீழ்ப்புறக் கிணற்றில் மாசுற்றதாகவும் இருந்தால், மாசு இடையிலுள்ள நிலத்தில் சேர்ந்திருக்கக்கூடும் என உணரலாம்.

கிணற்றுக் குழாயில் நெடுநாள் தேங்கிய நீரை முதலில் இறைத்து வெளியேற்றுவர். வெப்பநிலை, அமில காரத் தன்மை, மின்கடத்தும் திறன் ஆகியவை மாறாமல் நிலைத்த பின்னரே குப்பியில் பிடிப்பர். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழையால் நீர்மட்டம் உயரும். கடலை நெருங்கும் ஆற்றுப் பகுதியில் ஓதமும் ஏறி இறங்கும். ஆகவே மழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுத்தல் வேண்டும்.

ஆய்வகத்தில்

களத்திற்கு எடுத்துச் சென்று, அங்கே திறந்து மூடிக் கொண்டுவந்த தூய நீர்க் குப்பி ஒன்றையும் ஆய்வகத்தில் சோதிப்பர். அதில் நஞ்சு காணப்பட்டால், மாசு எடுத்துச் சென்ற வழியில் கலந்தது என அறியலாம். பின்னர் வாயு குரோமட்டோகிராபி என்னும் முறையில் வேதிப்பொருள்களைப் பிரித்து அளப்பர்.

இந்தியத் தர அமைவனத்தின் விதிப்படி ஒரு லிட்டர் குடிநீரில் டி.டி.டி. 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது. எண்டோசல்பானுக்கு வரம்பு 0.4 மைக்ரோகிராம். 10,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 100 வரிசையாக நிற்பதாக எண்ணிப் பாருங்கள். அவை அனைத்திலும் சேர்த்து 1 கிராம், அதாவது இரண்டு மூன்று சிட்டிகை உப்பின் எடை அளவே டி.டி.டி. இருக்கலாம். இவ்வளவு நுண்ணிய அளவை நாவோ மூக்கோ கண்ணோ உணர இயலாது.

நிறைவுரை

மாதிரி எடுத்தல் நஞ்சை நீக்கிவிடாது. எங்கே, எவ்வளவு ஆழத்தில், எத்திசை நோக்கி நஞ்சு உள்ளது என்பதை அது காட்டும். எந்தக் கிணற்றை மூடுவது, எந்த நிலத்தைத் தூய்மை செய்வது, எவ்வீட்டிற்குக் குழாய் நீர் தருவது என்னும் முடிவுகள் அதன் பின்னரே பிறக்கும். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்து, வாடகை வீட்டின் கிணற்று நீரை நம்பி வாழ்வோருக்கும் அந்நீரின் உண்மையை அறியும் உரிமை உண்டு. அதைக் கேட்டுப் பெறுவதற்கு இவ்வறிவு துணை நிற்கும்.

சொல்லும் பொருளும்

தோடு – ஓடை (மலையாள வழக்கு, தமிழில் காதணியைக் குறிக்கும்)
ஓதம் – கடல்நீரின் ஏற்ற இறக்கம்
மாசு – அழுக்கு, கேடு
நெகிழி – பிளாஸ்டிக்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

பயிற்சி

1. சோற்றுப் பழமொழி நிலத்திற்குப் பொருந்தாதது ஏன்?
2. துளைக்கருவியைக் கழுவாவிட்டால் ஆய்வு முடிவு எவ்வாறு மாறும்?
3. கண்காணிப்புக் கிணறுகள் குறைந்தது மூன்று தேவைப்படுவதன் காரணம் யாது?
4. 'ஆணையால் ஆலையின் உற்பத்தி நிற்கும்' என்பதை எதிர்மறைத் தொடராக மாற்றுக.
5. உங்கள் வீட்டிற்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது? பெற்றோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.