ரத்தம் எங்கே போகிறது? தெரியுமா?

ஒரு குழந்தைக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து டானிக் கொடுத்தால் தேறுகிறது. சில மாதங்களில் மறுபடி வெளுத்துப்போகிறது. வயிற்றுவலி இல்லை, மலத்தில் சிவப்பும் இல்லை. பிறகு ரத்தம் எங்கேதான் போகிறது? அதற்கான துப்பு அந்தக் குழந்தையின் உள்ளங்காலில் இருக்கலாம், தெரியுமா?

நாவற்பழ நிறத்தில் மெத்தென்று ஒரு சிறு கொப்புளம். விரலால் அழுத்தினால் சப்பிப்போகும். விரலை எடுங்கள், மெல்ல ரத்தம் ஏறி மறுபடி உப்பும்! இதே கொப்புளங்கள்தான் சிறுகுடலின் உட்சுவரில் ஒளிந்துகொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் சொட்டுச் சொட்டாகக் கசிகின்றன. மலத்தை ஆய்வகத்தில் சோதித்தால்தான் ரத்தம் பிடிபடும். சில சமயம் கொப்புளம் இருக்கும் இடத்தில் குடல் குடலுக்குள்ளேயே செருகிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

1958-ல் இந்த நோய்க்கு ‘புளூ ரப்பர் பிளெப் நீவஸ்’ என்று பெயர் சூட்டியவர் அமெரிக்க மருத்துவர் வில்லியம் பென்னட் பீன். தன் கட்டைவிரல் நகம் வளரும் வேகத்தை 35 வருடங்கள் விடாமல் அளந்து எழுதிவைத்தவர் அவர்! அப்படிப்பட்ட பொறுமையான கண்தான் இங்கே வேண்டும். சட்டையைக் கழற்றி, நாக்கு முதல் உள்ளங்கால் வரை குழந்தையை முழுசாகப் பார்க்க ஐந்து நிமிடம் போதுமே!

கட்டி போலத் தெரிந்தாலும் இந்தக் கொப்புளம் உண்மையில் கோணலாக உருவான சிரை. பச்சிளம் குழந்தைகளுக்கு வரும் ஹீமாஞ்சியோமாதான் நிஜமான ரத்தக்குழாய்க் கட்டி. இரண்டையும் எப்படிப் பிரிப்பது? ஹீமாஞ்சியோமாவில் ‘குளூட்-1’ என்ற புரதம் இருக்கும். தாயின் கருப்பையில் குழந்தையைத் தாங்கிய நஞ்சுக்கொடியின் ரத்தக்குழாய்களிலும் அதே புரதம்!

சரி, வாய் வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ விடும் சாதாரண எண்டோஸ்கோப் குழாய் எட்டாத நடுக்குடலை எப்படிப் பார்ப்பது? ஏவுகணைகளுக்குக் கண் வடிவமைத்த இஸ்ரேலியப் பொறியாளர் கேவ்ரியல் இடான், விழுங்கக்கூடிய கேமராவை உருவாக்கினார். நீளம் வெறும் 26 மில்லிமீட்டர். ஆயிரக்கணக்கான படங்களை எடுத்துக்கொண்டே குடல் முழுக்கப் பயணம் போகும். விழுங்கத் தெரியாத பிஞ்சுகளுக்கு மயக்கமருந்து கொடுத்து, எண்டோஸ்கோப் மூலம் முன்சிறுகுடலில் இறக்கிவிடுகிறார்கள்.

இன்னொன்று தெரியுமா? நோய் உறுதியானபின் பல குழந்தைகளுக்குக் கொடுக்கப்படும் சிரோலிமஸ் மருந்து, பசிபிக் பெருங்கடலின் ஈஸ்டர் தீவு மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரியிலிருந்து கிடைத்தது! அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்த சில குழந்தைகளுக்கு, அந்த மருந்துக்குப் பிறகு ரத்தம் ஏற்றும் தேவையே இல்லாமல் போயிருக்கிறது.